டாய் ஸ்டோரி 3: கதையை விட்டபோது ஜெயித்த ஒரு கேம்



சினிமாவை வைத்துச் செய்த வீடியோ கேம் என்றாலே மொக்கையாகத்தான் இருக்கும் என்று நம்மில் பலருக்கும் ஒரு எண்ணம் உண்டு. அது சும்மா வந்த எண்ணம் இல்லை, அதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. அந்த வரலாற்றில் கொஞ்சம் வித்தியாசமாக வந்த ஒரு கேம் தான் 2010-ல் வெளியான டாய் ஸ்டோரி 3. அதில் எது நன்றாக இருந்தது, எது சொதப்பியது, பிறகு அந்த நல்ல விஷயம் என்ன ஆனது என்று பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1982-ல் ஸ்பீல்பெர்க்கின் ஈ.டி. படம் சக்கைப்போடு போட்டது. அடாரி கம்பெனி அதைக் கேமாக்க உரிமை வாங்கியது. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குக் கடைக்கு வந்தாக வேண்டும். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற புரோகிராமருக்குக் கிடைத்தது சுமார் ஐந்தே வாரம்! விற்காமல் போன கேசட்டுகளை 1983-ல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு குப்பைக் கிடங்கில் புதைத்தார்கள். 2014-ல் அதே இடத்தைத் தோண்டி அவற்றை வெளியே எடுத்தும் காட்டினார்கள். படத்தின் தேதிதான் கேமின் தேதி என்பது சினிமா கேம்களின் முதல் வியாதி.

இரண்டாவது வியாதி கதை. அதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. நம்ம முருகதாஸ் 2005-ல் தமிழில் எடுத்த கஜினியை 2008-ல் ஆமிர் கானை வைத்து இந்தியில் எடுத்தார் அல்லவா? அந்த இந்திப் படத்தை வைத்து ஹைதராபாத்தைச் சேர்ந்த எஃப்எக்ஸ் லேப்ஸ் ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்தது. மொத்தம் ஐந்து லெவல், அடிதடி. இந்தியாவின் முதல் உண்மையான முப்பரிமாண கம்ப்யூட்டர் கேம் என்று விளம்பரம் செய்தார்கள். இங்கேயே உட்கார்ந்து அப்படி ஒன்றைச் செய்து முடித்தது பெரிய விஷயம்தான். ஆனால் படம் பார்த்தவனுக்கு யாரைத் தேடிப் போகிறோம், கடைசியில் என்ன நடக்கும் என்று எல்லாமே தெரியும். தெரிந்த கதையில் நாம் செய்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

சரி, டாய் ஸ்டோரி 3-க்கு வருவோம். இதைச் செய்தது அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் அவலாஞ்ச் சாஃப்ட்வேர். அப்போது அது டிஸ்னியின் சொந்த கம்பெனி. இந்தக் கேமும் தேதிக்குத் தப்பவில்லை, 2010 ஜூனில் படத்தோடு சேர்ந்தே வந்தது. உள்ளே இரண்டு பகுதிகள் இருந்தன.

ஒன்று, கதைப் பகுதி. படத்தின் ஆரம்பத்தில் வரும் ரயில் துரத்தல், பஸ் லைட்இயர் விண்வெளியில் பறப்பது என்று ஒவ்வொரு லெவலும் ஒவ்வொரு ரகம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். படத்தின் உயிர் என்ன? வளர்ந்துவிட்ட ஆண்டி கல்லூரிக்குப் போகும்போது தன் பொம்மைகளை இன்னொரு குழந்தையிடம் கொடுத்துவிட்டுப் போவது. தியேட்டரில் பெரியவர்களே கண்ணைத் துடைத்துக்கொண்ட இடம் அது. ஓடுவதும் தாவுவதுமாக இருக்கிற ஒரு கேமில் அந்தக் கனம் வரவில்லை. இது முதல் பலவீனம்.

இன்னொன்று, டாய் பாக்ஸ், அதாவது பொம்மைப் பெட்டி. இதுதான் கேமின் பலம். இங்கே கதையே கிடையாது. ஒரு கௌபாய் ஊர், அதற்கு நீங்கள் ஷெரிப். உடீ, பஸ், ஜெஸ்ஸி மூவரில் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். மேயர் யார் தெரியுமா? ஹாம் என்கிற பன்றி உண்டியல்! அவர் வேலை கொடுப்பார், செய்தால் தங்கம் கிடைக்கும், அதை வைத்துப் புதுப் பொம்மைகளும் கட்டடங்களும் வாங்கலாம். வீடுகளுக்கு வேறு நிறம் அடிக்கலாம், ஊர்க்காரர்களுக்குத் தொப்பி மாற்றலாம். எந்த வேலையும் செய்யாமல் குதிரையில் சுற்றினாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ஒரே டிவியில் இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம் என்பதால் அண்ணன் தம்பி சண்டையும் பாதி குறையும்.

இது ஏன் இவ்வளவு நன்றாக அமைந்தது? படத்தில் ஆண்டி பொம்மைகளை வைத்து என்ன செய்தானோ, அதையே நம்மைச் செய்ய விட்டார்கள். கௌபாயும் விண்வெளி வீரனும் ஒரே ஊரில் இருப்பார்கள், லாஜிக் கேட்கக் கூடாது. சின்ன வயதில் நாம் எல்லோரும் அப்படித்தானே விளையாடினோம்?

இரண்டாவது பலவீனம் நம்மைப் போன்றவர்களுக்கு உறைக்கக்கூடியது. பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360, வீ, கம்ப்யூட்டர் ஆகியவற்றில் இந்தப் பொம்மைப் பெட்டி இருந்தது. விலை குறைந்த பழைய பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த பதிப்பில் அது இல்லை. அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பக்கம் யார் வீட்டிலாவது கேம் பெட்டி இருந்தால் அது பெரும்பாலும் பிளேஸ்டேஷன் 2 தான். அதாவது காசு குறைவாக இருந்தவனுக்குக் கதை மட்டும், நல்ல பகுதி மற்றவர்களுக்கு.

இனி நடந்ததுதான் பெரிய சோகம். இந்தப் பொம்மைப் பெட்டி யோசனையை எடுத்து, 2013 ஆகஸ்டில் டிஸ்னி இன்ஃபினிட்டி என்ற கேமை அதே அவலாஞ்ச் வெளியிட்டது. இப்போது நிஜப் பொம்மையைக் கடையில் வாங்கி, கேம் பெட்டியோடு இணைத்த ஒரு தட்டின் மேல் வைத்தால்தான் அந்தக் கதாபாத்திரம் திரையில் வரும். 2011-ல் ஸ்கைலேண்டர்ஸ் காட்டிய வழி இது. டாய் ஸ்டோரி செட்டைக்கூடத் தனியாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். முன்பு கேமுக்குள் தங்கம் சேர்த்து வாங்கியதை இப்போது அப்பாவின் பர்ஸிலிருந்து எடுத்து வாங்க வேண்டியதாயிற்று.

2014-ல் மார்வெல், 2015-ல் ஸ்டார் வார்ஸ் என்று பொம்மைகள் குவிந்தன. 2016 மே மாதம் டிஸ்னி இந்த வியாபாரத்தையே மூடியது. கணக்கில் 14.7 கோடி டாலர் அடி, சுமார் 300 பேருக்கு வேலை போனது. அவலாஞ்சையும் இழுத்து மூடினார்கள். 2017-ல் வார்னர் பிரதர்ஸ் அதை வாங்கி மறுபடி திறந்தது. 2023-ல் வந்த ஹாக்வார்ட்ஸ் லெகஸி அவர்கள் செய்ததுதான். ஹாரி பாட்டரின் கதையை அப்படியே எடுக்காமல், அவன் பிறப்பதற்குப் பல வருடம் முந்தைய காலத்தில் நம்மை விட்டுச் சுற்ற வைத்தார்கள். பழைய பாடம் அவர்களுக்கு மறக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் செங்கத்தில் உட்கார்ந்துகொண்டு யோசித்தால் விஷயம் சுலபமாகப் புரிகிறது. நுங்கு எடுத்தபின் மிஞ்சும் இரண்டு பனங்காய் ஓட்டை ஒரு குச்சியில் கோர்த்து, கவைக் குச்சியால் தள்ளினால் நுங்கு வண்டி ரெடி. அது இன்றைக்கு பஸ், நாளைக்கு லாரி, மறுநாள் போலீஸ் ஜீப். அதற்குக் கதை எழுதிக் கொடுத்தவர் யாரும் இல்லை, அதனால்தான் அது சலிப்பதில்லை.

டாய் ஸ்டோரி 3 அந்த ரகசியத்தைக் கண்டுபிடித்த கேம். அதைப் பாதிப் பேருக்கு மட்டும் கொடுத்தது அதன் குறை. பிறகு அதையே துண்டு துண்டாக விற்கப் போனது கம்பெனியின் குறை. நாளைக்கு நம்மில் யாராவது ஒரு தமிழ்ப் படத்தை வைத்துக் கேம் செய்தால், ஹீரோவின் சண்டைக் காட்சியை மறுபடி ஆட வைப்பதை விட, அந்தப் படம் நடக்கும் ஊரைக் கொடுத்து நம்மைச் சுற்ற விடுங்கள். மற்றதை நாங்களே பார்த்துக்கொள்வோம்.