'அடியேன்' என்னும் மறுமொழி: திருவிதாங்கூரில் பேர் சொல்லி அழைக்கும் கடவுள்

தமிழில் ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அவ்வளவு எளிய காரியம் அல்ல. மூத்தவரை முறை சொல்லி அழைக்கிறோம். வாத்தியாரை வாத்தியார் என்கிறோம். கணவன் பெயரை வாய்விட்டுச் சொல்லாத பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். வெறும் பெயரைச் சொல்லி அழைக்கும் உரிமை மேலே இருப்பவருக்கு உண்டு, கீழே இருப்பவருக்கு இல்லை. பழைய திருவிதாங்கூரில் இந்த வழக்கம் கத்திபோல் கூர்மையாக இருந்தது. மேல்சாதிச் சிறுவன் தலை நரைத்த புலையனைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம்; அந்தக் கிழவரோ சிறுவனைத் 'தம்புரான்' என்றுதான் சொல்லவேண்டும்.

கடவுள் ஒவ்வொருவரையும் தாயின் கருவிலேயே அறிந்திருக்கிறார், பேர் சொல்லி அழைக்கிறார் என்ற கிறித்தவ நம்பிக்கை அந்த நாட்டுக் காதில் எப்படி விழுந்திருக்கும்? ஏசாயாவின் நாற்பத்து மூன்றாம் அதிகாரம், எரேமியாவின் முதல் அதிகாரம், 139ஆம் சங்கீதம், ஆடுகளைப் பெயரால் அறியும் மேய்ப்பனைப் பற்றிய யோவானின் பகுதி ஆகியவை இந்த நம்பிக்கையின் வேர்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த மிஷனரிமாருக்கு இவை கேட்ட மாத்திரத்தில் ஆறுதல் தரும் பகுதிகள். ஆனால் பேர் சொல்லி அழைக்கப்படுவதே தாழ்வின் அடையாளமாக இருந்த ஒருவருக்கு அந்த ஆறுதல் தானாக வந்துவிடாது. திருவிதாங்கூரில் இந்த நம்பிக்கையின் கனம் முழுவதும் அழைப்புக்குச் சொல்லப்பட்ட மறுமொழியில் தங்கியிருந்தது என்பது என் வாதம். யார் கூப்பிட்டால் யார் 'அடியேன்' என்று விளிகேட்க வேண்டும் என்பதுதான் அங்கே நடந்த வழக்கு.

இந்தக் கேள்வியை ஆய்வுலகம் பெரும்பாலும் வேறு இடத்தில் வைத்தே பேசியிருக்கிறது. லண்டன் மிஷனரி சங்கத்தின் தென் திருவிதாங்கூர் பணியை ஆராய்ந்த டிக் கூய்மன், மதமாற்றத்தைச் சமூகச் சமத்துவத்துக்கான தேட்டத்தோடு இணைத்துப் படித்தார். மக்கள் குடும்பம் குடும்பமாக, ஊர் ஊராக வந்தார்கள். தலைவரியும் ஊழியமும் அவர்களை நெருக்கின. மிஷனரியின் பரிந்துரை ஒரு பாதுகாப்பாக இருந்தது. இதற்கு மறுபுறம் சபையார் எழுதிய வரலாறுகள் நிற்கின்றன. 1903இல் சி. எம். ஆகூர் எழுதிய திருவிதாங்கூர்த் திருச்சபை வரலாறு போன்ற நூல்களில் தனித்தனி மனிதர்கள் கடவுளால் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஒரு தரப்பு கூட்டத்தைக் காண்கிறது, மற்றது ஆளைக் காண்கிறது. ஆனாலும் தனியழைப்பு என்றால் கூட்டத்தைவிட்டு ஒருவன் பிரிந்து வருவது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எனக்கு அது ஐயமாக இருக்கிறது.

முதல் சான்று அரசரிடமிருந்தே கிடைக்கிறது. 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் தம் உடைவாளை ஒற்றைக்கல் மண்டபத்தில் வைத்து நாட்டையே பெருமாளுக்கு எழுதிக் கொடுத்தார். 'திருப்படிதானம்' என்று அதற்குப் பெயர். அதுமுதல் திருவிதாங்கூர் மன்னர்கள் 'ஸ்ரீ பத்மநாப தாசர்' ஆனார்கள்; அரச குடும்பத்துப் பெண்கள் 'பத்மநாப சேவினி' ஆனார்கள். நாட்டின் உச்சியில் இருப்பவர் தம்மை அடிமை என்று அறிவித்துக்கொண்டார். அந்தச் சொல் அவரைத் தாழ்த்தவில்லை. அவர் ஆணையை மறுப்பது பெருமாள் ஆணையை மறுப்பதாயிற்று. அதே நாட்டின் அடியில் நின்ற புலையரும் பறையரும் தங்களை 'அடியன்' என்றுதான் சொல்லிக்கொள்ள வேண்டும். சொல் ஒன்று, எடை இரண்டு.

அந்த இரண்டு எடைகளுக்கும் நடுவே சிக்கியவர் தேவசகாயம். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை பத்மநாபபுரம் அரண்மனையோடு தொடர்புடைய அலுவலர். 1741 குளச்சல் போரில் தோற்றுப் பின் திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சியளித்த டி லனாயிடம் அவர் யோபுவின் கதையைக் கேட்டார் என்பது மரபு. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு லாசரு என்று பெயர் வந்தது. எபிரேயத்தில் 'கடவுள் உதவினார்' என்று பொருள்படும் அந்தப் பெயரைத் தமிழாக்கித்தான் 'தேவசகாயம்' என்றார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். திருப்படிதானத்துக்கு இரண்டே ஆண்டுகள் கழித்து என்பதை நாள்காட்டியை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். அவர்மேல் சாட்டப்பட்ட குற்றம் எது என்பதில் இன்றும் விவாதம் உண்டு. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. என் கவனம் வேறு. பத்மநாபனின் தாசருக்கு ஊழியம் செய்தவர், தாம் இன்னொருவருக்கு அடியவர் என்றார். தெய்வத்துக்கு அடிமை என்ற நிலை அரசருக்கு அதிகாரம் தந்தது. தேவசகாயத்துக்கோ அரசரின் அதிகாரத்துக்கு வெளியே நிற்க அது ஓர் இடம் தந்தது.

2022 மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்படுவதற்கு முன்னர் இன்னொரு பெயர் வழக்கு நடந்தது. அறிவிப்புகளில் முதலில் ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற பின்னொட்டை நீக்க வேண்டும் என்று எதிர்ப்பு எழுந்தது, நீக்கப்பட்டது. கடவுள் எந்தப் பெயரால் அழைத்தார் என்ற கேள்வி 270 ஆண்டுகள் கழித்து ரோம் வரை போனது. சாதி வால் முளைத்த பெயரைக் கடவுள் வாயில் வைக்கலாமா என்று கேட்டவர்கள் இந்த நம்பிக்கையின் மையத்தைத் தொட்டுவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

கடவுள் ஒருவரைக் குறிவைத்து அழைப்பது தமிழுக்குப் புதிது என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. சுந்தரர் கதை இருக்கிறது. மணப்பந்தலில் ஒரு கிழ வேதியர் வந்து நிற்கிறார். இவன் என் அடிமை, இதோ இவன் பாட்டன் எழுதிய ஓலை என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. பெரிய புராணம் இதைத் 'தடுத்தாட்கொண்ட' கதையாகச் சொல்கிறது. அகஸ்டீனின் மனமாற்றத்தையும் பவுலின் தமஸ்குப் பாதையையும் இதன் பக்கத்தில் வைத்தால் ஒற்றுமைகள் கண்ணில் படும். ஆனால் சுந்தரர் கதையின் சுவை எங்கே இருக்கிறது? ஓர் அந்தணன் இன்னோர் அந்தணனுக்கு அடிமையாவது உண்டோ என்று அவர் எள்ளும் இடத்தில். அடிமையாகவே முடியாதவர் அடிமையாவதுதான் அந்தக் கதை. 1850இல் திருவிதாங்கூர் வயலில் நின்ற புலையருக்கு ஓலையும் விற்பனையும் உவமை அல்ல. தந்தையை ஒரு பக்கமும் தாயை ஒரு பக்கமும் விற்ற நாடு அது. 'நான் உன்னை உரிமையாக்கிக்கொண்டேன்' என்று கடவுளே வந்து சொன்னாலும், இன்னொரு முதலாளியா என்று அவர் கேட்டிருந்தால் தவறில்லை.

லண்டன் மிஷனரி சங்கத்தின் திருவனந்தபுரம் நிலையத்தை 1838இல் ஜான் காக்ஸ் தொடங்கினார். பின்னர் அங்கே பணியாற்றிய சாமுவேல் மட்டீர் 1871இல் வெளியிட்ட 'தர்ம பூமி' என்ற பொருளுள்ள தலைப்புடைய ஆங்கில நூலில், அடிமைச் சாதியாரின் பேச்சு எப்படிக் கட்டுப்படுத்தப்பட்டது என்று பதிவு செய்திருக்கிறார். அவர்கள் 'நான்' என்று சொல்லக் கூடாது, 'அடியன்' என்றே சொல்லவேண்டும். தங்கள் சோற்றைச் சோறு என்று சொல்லக் கூடாது, 'கரிக்காடி' என்று சொல்லவேண்டும். பிள்ளைகளைக் குரங்கு என்றோ கன்று என்றோ குறிப்பிட வேண்டும். பேசும்போது மூச்சுக்காற்று படாமல் வாயைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும். மட்டீருக்கு இந்து சமயத்தைக் குறைத்துக் காட்டும் நோக்கம் இருந்தது, அதைக் கணக்கில் எடுத்தே இவற்றைப் படிக்கிறேன். ஆனாலும் தன்மை ஒருமையே ஒரு மனிதரின் வாயிலிருந்து பிடுங்கப்பட்டிருந்தது என்பது வேறு சான்றுகளாலும் உறுதிப்படும் செய்தி.

'நான்' இல்லாதவரை அழைத்தால் பதில் சொல்வது யார்? இறையியலார் அழைப்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். பொது அழைப்பு, பலன் தரும் அழைப்பு என்று கால்வினிய மரபில் நுணுக்கமான பாகுபாடுகள் உண்டு, லண்டன் சங்கத்தார் அந்த மரபில் வளர்ந்தவர்கள். மறுமொழியின் இலக்கணத்தை அவர்கள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் பொருட்படுத்தியே தீரவேண்டியிருந்தது. ஆதியாகமம் 22இல் கடவுள் அழைத்ததும் ஆபிரகாம் எபிரேயத்தில் சொல்லும் சொல்லுக்கு 'இதோ நான்' என்பதுதான் பொருள். புழக்கத்திலுள்ள பழைய தமிழ் வேதாகமத்தில் அவர் தம்மை 'அடியேன்' என்கிறார். சிறுவன் சாமுவேலும் இரவில் அழைப்பைக் கேட்டுக் கடைசியில் தன்னை அடியேன் என்றே சொல்லிக்கொள்கிறான். மலையாள வேதபுஸ்தகத்தில் அவன் 'அடியன்'. மூலத்தில் 'நான்' என்று நின்ற இடத்திலும் தமிழ் 'அடியேன்' என்று வைத்தது, பக்தித் தமிழின் மரபு அது. ஆழ்வாருக்கும் நாயன்மாருக்கும் பழகிய பணிவு. ஆனால் புலையர் சேரியில் உபதேசியார் அதை வாசித்தபோது, வயலில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல் வேதத்திலும் வந்து நின்றது.

'ஊழியம்' என்ற சொல்லுக்கும் இதே கதைதான். திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் அரசும் கோயிலும் கூலி இல்லாமல் வாங்கிய கட்டாய வேலை. சபையில் ஊழியம் என்றால் கடவுள் பணி. இன்றும் கன்னியாகுமரி மாவட்டத்தில் போதகரை 'ஊழியக்காரர்' என்கிறார்கள். அந்தச் சொல்லில் சுமை தூக்கிய முதுகுகளின் நினைவு ஒட்டியிருப்பதை யாரும் இப்போது கவனிப்பதில்லை.

இதை மிஷனரிகளின் கவனக்குறைவு என்று தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தம்புரானிடம் சொன்ன அடியனும் கடவுளிடம் சொன்ன அடியேனும் ஒரே சொல்லாக இருந்ததால்தான் இரண்டாவது முதலாவதோடு போட்டியிட முடிந்தது. ஆபிரகாமும் சாமுவேலும் அடியேன் என்கிறார்கள், அரசரும் தாசர் என்கிறார். அப்படியானால் அந்தச் சொல் ஒரு சாதிக்கு உரியது அல்ல. கடவுள் முன் எல்லாருக்கும் உரியது, மனிதர் முன் யாருக்கும் உரியது அல்ல. அப்பர் பல்லவன் முன் இதே தர்க்கத்தோடு நின்றார் என்று சைவ மரபு சொல்கிறது. அடிமைச் சாதியாரின் ஜெபமும் வாசிப்பும் கூடுகையும் அவர்களிடம் புதிய தன்னுணர்வை உண்டாக்கின என்று பி. சனல் மோகன் அடிமைமுறை பற்றிய தம் 2015 நூலில் காட்டுகிறார். அந்தத் தன்னுணர்வு 'அடியேன்' என்ற சொல்லை எறிந்துவிட்டுப் பிறக்கவில்லை, அதன் விலாசத்தை மாற்றிப் பிறந்தது என்று அவர் முடிவோடு சேர்த்துச் சொல்வேன்.

சபைகள் இந்த நம்பிக்கைக்கு உண்மையாக நடந்துகொண்டனவா என்றால், அரைகுறையாகத்தான். 1854இல், திருவிதாங்கூர் அடிமை முறையை ஒழித்த பிரகடனத்துக்கு ஓராண்டு முன்பு, மல்லப்பள்ளி வட்டாரத்தில் தெய்வத்தான் என்ற புலையர் ஞானஸ்நானம் பெற்று ஆபேல் ஆனார். சட்டப்படி இன்னும் உடைமையாக இருந்தவருக்குச் சபை ஒரு பெயர் வைத்துப் பதிவேட்டில் எழுதியது பெரிய செயல்தான். ஆனால் தேவசகாயத்தின் பெயரை மொழிபெயர்த்த அக்கறை இங்கே இல்லை. 'தெய்வத்தான்' என்ற பெயரிலேயே தெய்வம் இருந்தது; அது போதவில்லை. லண்டன் சங்கத்தின் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உபதேசிமாருக்கும் இங்கிலாந்தில் பணம் கொடுத்தவர்களின் பெயரை வைக்கும் வழக்கமும் இருந்தது. கடவுள் பேர் சொல்லி அழைக்கிறார், ஆனால் அந்தப் பேரைச் சந்தாதாரர் வைக்கிறார்! இதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, பிறகு வரவில்லை.

இந்த நம்பிக்கையின் கடினமான விமர்சகர் சபைக்குள்ளிருந்தே வந்தார். 1879இல் இரவிபேரூரில் பறையர் குடும்பத்தில் பிறந்த குமாரன், கிறித்தவத்தில் யோஹன்னான் ஆனார்; பொய்கையில் அப்பச்சன் என்று மக்கள் அழைத்தவர் இவர்தான். மார்த்தோமா சபையிலும் வேறு சபைகளிலும் இருந்து பார்த்தார். எங்கும் சாதி இருந்தது. வாகத்தானத்தில் வேதபுத்தகத்தை எரித்தார். 1909இல் பிரத்யக்ஷ ரக்ஷா தெய்வ சபையை நிறுவினார். தம் குலத்தைப் பற்றி ஓர் எழுத்துக்கூட எந்த வரலாற்றிலும் காணவில்லையே என்று பாடினார். அடிமைகளாக விற்கப்பட்டு, பெற்றோரைப் பிரிந்து அநாதைகளான பிள்ளைகளின் துயரை அவர் சபை இன்றும் வழிபாட்டில் நினைவுகூர்கிறது.

பொய்கையில் அப்பச்சனின் கேள்வி தனியழைப்புக் கோட்பாட்டின் பலவீனமான இடத்தில் குத்துகிறது. கடவுள் என்னை அறிவார், சரி. என் தாயை எந்தச் சந்தையில் விற்றார்கள் என்பது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? ஆபிரகாமுக்கு வம்ச வரலாறு உண்டு, சாமுவேலுக்குத் தாய் தைத்துக் கொடுத்த சட்டை உண்டு. வேதத்தில் பேர் சொல்லி அழைக்கப்படுபவர் எவரும் வெறும் ஆளாக நிற்பதில்லை. தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் உடன் வருகின்றன. உறவு அறுக்கப்பட்டவரிடம் நீ தனியாக அறியப்பட்டிருக்கிறாய் என்று சொல்வது, அறுத்தவர் செய்ததை ஒப்புக்கொள்வதுபோலவும் ஆகிவிடும். தனியழைப்பு என்பது கூட்டத்தைவிட்டுப் பிரிவது என்ற கருத்தை நான் ஐயுறுவது இதனால்தான். அப்பச்சன் தேடிய கடவுள் ஒருவரை அழைக்கும்போது அவருடைய இழந்த குலத்தையும் சேர்த்து அறிந்தவராக இருக்கவேண்டும். எரேமியாவின் கடவுள் கருவிலேயே அறிந்தவர் என்றால், அந்தக் கரு யாருடையது என்றும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பச்சன் 1921இலும் 1931இலும் ஸ்ரீமூலம் பிரஜா சபை என்ற திருவிதாங்கூர்ப் பிரதிநிதி அவைக்கு நியமிக்கப்பட்டார். அந்த அவை கூடிய திருவனந்தபுரத்து விக்டோரியா ஜூபிலி நகர மண்டபத்துக்கு இப்போது புலையர் தலைவர் அய்யன்காளியின் பெயர். பத்மநாப தாசரின் அரசாங்கத்து முன் தம் மக்களுக்கு நிலமும் கல்வியும் வேண்டி நின்ற அவரை அவரது சபையார் குமார குருதேவன் என்று அழைக்கிறார்கள். அவைக் குறிப்புகள் அந்தப் பெயரை அறியவில்லை. அவற்றில் அவர் பொய்கையில் யோஹன்னான்: அவர் விட்டு வெளியேறிய சபை, ஞானஸ்நானத் தண்ணீரில் வைத்துக் கொடுத்த பெயர்.