எரிந்த வீட்டின் கணக்கு

அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஒருவரின் வீடு நள்ளிரவில் எரிக்கப்படுகிறது. எரித்தவர்களுக்கு அவர்மீது தனிப்பட்ட பகை ஏதுமில்லை. அவர் அணிந்திருக்கும் சீருடையும், அவர் கையெழுத்துக்கு மேலே பொறிக்கப்பட்டிருக்கும் முத்திரையுமே அவர்களுடைய இலக்கு. ஆனால் எரிந்துபோவது அரசின் முத்திரை அல்ல. அவருடைய கட்டில், அவர் மனைவியின் பெட்டி, பிள்ளைகளின் துணிமணிகள். இந்த இழப்பை யார் ஈடுசெய்வது? எரித்தவன் பெரும்பாலும் அகப்படுவதில்லை. அகப்பட்டாலும் அவனிடம் கொடுக்க ஒன்றும் இருப்பதில்லை. ஆக, எஞ்சுவது இரண்டே வழிகள்தான். ஒன்று, அக்கம்பக்கத்து ஊரார் கொடுக்க வேண்டும். அல்லது, யாருக்காக அவர் வேலை பார்த்தாரோ அந்த அரசு கொடுக்க வேண்டும்.

சட்டப் புத்தகத்தின் ஓரத்தில் கிடக்கும் சிறிய கேள்வியாகத் தோன்றும் இதற்குள் ஒரு நாட்டின் அரசியல் முழுவதும் அடங்கிவிட முடியும் என்பதற்கு 1919 முதல் 1925 வரையிலான அயர்லாந்தின் வரலாறு சான்றாக நிற்கிறது.

*

ஊரார் கொடுக்க வேண்டும் என்பதே பழைய விடை. இங்கிலாந்தில் 1285இல் முதலாம் எட்வர்டு பிறப்பித்த வின்செஸ்டர் சட்டம், ஒரு வட்டாரத்தில் கொள்ளை நடந்து கொள்ளையர் பிடிபடாவிட்டால் அந்த இழப்புக்கு அவ்வட்டாரத்தாரே பொறுப்பு என்றது. 'ஹண்ட்ரட்' என்று அழைக்கப்பட்ட அந்த வட்டாரங்கள் குற்றவாளியை ஒப்படைக்க வேண்டும். இல்லையேல் பணம் கட்ட வேண்டும். காவல்துறை என்ற ஒன்றே இல்லாத காலத்தில் ஊராரைக் காவலர்களாக்க இதைவிட மலிவான உபாயம் வேறில்லை. இந்த எண்ணம் நமக்கும் புதிதன்று. தென்பாண்டிச் சீமையின் காவல் முறையில், ஊர்க்காவல் கூலி பெற்ற காவல்காரர் களவுபோன பொருளை மீட்டுத் தரவேண்டும். முடியாதபோது தம் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும். ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. நம் காவல்காரர் கூலி வாங்கிக்கொண்டு பொறுப்பேற்றவர். ஆங்கிலேய வட்டாரத்துக் குடியானவனோ அங்கே குடியிருந்த ஒரே காரணத்துக்காகப் பொறுப்பாளியானவன்.

1714ஆம் ஆண்டின் கலகச் சட்டம், கலகக் கும்பல் இடித்துத் தள்ளிய கட்டடங்களுக்கும் இதே பொறுப்பை விரித்தது. அரசின் முகமாக இருந்ததற்காக வீட்டை இழந்தவர்களில் பெரும் புகழ் பெற்றவர் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு. 1780 ஜூன் மாதம் லண்டனை உலுக்கிய கார்டன் கலகத்தில் புளூம்ஸ்பரி சதுக்கத்திலிருந்த அவர் இல்லம் சூறையாடப்பட்டது. வாழ்நாளெல்லாம் சேர்த்த நூலகமும் கையெழுத்துப் பிரதிகளும் தெருவில் எரிந்தன. கவிஞர் வில்லியம் கூப்பர் அந்த நூலகத்துக்காகக் கவிதை எழுதினார். டிக்கன்ஸ் 'பார்னபி ரட்ஜ்' நாவலில் அந்தக் கலகத்தையே களமாக்கினார். மான்ஸ்பீல்டு இழப்பீடு வேண்டாமென்று மறுத்துவிட்டார். மறுப்பதற்கும் ஒரு வசதி வேண்டும். நம் கதையில் வரும் கான்ஸ்டபிள்களுக்கு அது வாய்க்கவில்லை.

*

இந்தப் பழைய விதி அயர்லாந்தில் வேறொரு வடிவம் கொண்டது. நிலக்குத்தகைப் பகைகளும் இரகசியச் சங்கங்களும் மலிந்திருந்த அந்நாட்டில் வைக்கோற்போர் எரிப்பதும் கால்நடைகளை ஊனப்படுத்துவதும் அரசியலின் அன்றாட மொழியாக இருந்தன. 1836ஆம் ஆண்டின் கிராண்ட் ஜூரி சட்டத்தின்படி, வன்மத்தோடு அழிக்கப்பட்ட சொத்துக்கும், கடமையைச் செய்ததற்காகத் தாக்கப்பட்ட மாஜிஸ்திரேட்டுகள், அமைதி காக்கும் அலுவலர்கள், சாட்சிகள் ஆகியோருக்கும் அந்தக் கவுண்டியின் வரிப்பணத்திலிருந்து இழப்பீடு பெற வழி இருந்தது. 1898இல் உள்ளாட்சி அமைப்புகள் தேர்தல் மூலம் அமைந்தபோது இவ்வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் கவுண்டி நீதிமன்றத்துக்கு மாறிற்று. பணம் மட்டும் மாறாமல் உள்ளூர் வரியிலிருந்தே வந்தது.

1919 ஜனவரி 21 அன்று டப்ளினில் சின் பெயின் கட்சியினர் தங்களுடைய பாராளுமன்றமான டாயிலைக் கூட்டினர். அதே நாளில் டிப்பரரியில் சோலஹெட்பெக் என்ற இடத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த சில மாதங்களில் ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரியைச் சமூகத்திலிருந்து விலக்கிவைக்குமாறு டாயில் மக்களைக் கேட்டுக்கொண்டது. அந்தப் போலீஸ்காரர்களில் பெரும்பாலோர் ஐரிஷ் கத்தோலிக்கர்கள். சிறு விவசாயிகளின் பிள்ளைகள். விதிப்படி அவர்களைச் சொந்தக் கவுண்டியில் நியமிப்பதில்லை. ஆகவே, வேலை பார்த்த ஊரில் அவர்களுக்கு உறவின் நிழல் கிடையாது. விலக்கம் நடைமுறைக்கு வந்தபோது கடைக்காரர் பால் தர மறுத்தார், வண்டிக்காரர் ஏற்றிக்கொள்ள மறுத்தார்.

தொலைதூரத்துச் சிறு காவல் நிலையங்களை அரசு காலிசெய்தது. 1920 ஈஸ்டர் வாரத்தில் ஒரே இரவில் அப்படிக் கைவிடப்பட்ட நூற்றுக்கணக்கான நிலையங்களும் பல வரி அலுவலகங்களும் எரிக்கப்பட்டன. நிலையம் என்பது வெறும் அலுவலகமன்று. சார்ஜெண்டின் குடும்பம் வசிக்கும் வீடும் அதுதான். காவலர்கள் வெளியேறிய பின்னும் சில கட்டடங்களில் மனைவி மக்கள் தங்கியிருந்தனர். எரிக்க வந்தவர்கள் சில இடங்களில் தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எடுத்துவைத்துவிட்டுத் தீ மூட்டினர். அரசையும் அரசின் ஊழியரையும் பிரித்துப் பார்க்க ஒரு கணம் முயன்ற அந்தச் செயல், அந்தப் போரின் பிற்பகுதியில் மெல்ல மறைந்தது.

*

பிரிட்டிஷ் அரசு இதைப் போர் என்று ஒப்புக்கொள்ளவில்லை. குற்றம் என்றே சொன்னது. அந்தச் சொல்லில் கௌரவப் பிரச்சினை இருந்தது. கூடவே ஒரு கணக்கும் இருந்தது. போர் என்றால் சேதத்துக்கு அரசின் கஜானா பொறுப்பு. குற்றம் என்றால் பழைய சட்டப்படி உள்ளூர் வரிசெலுத்துவோர் பொறுப்பு. 1919இலும் 1920இலும் நிறைவேறிய குற்றவியல் காயங்கள் சட்டங்கள் அந்தப் பழைய விதியைக் கூர்மையாக்கின. கொல்லப்பட்ட அல்லது ஊனமுற்ற போலீஸ்காரர், படைவீரர், மாஜிஸ்திரேட் முதலானோருக்கும் அவர்களைச் சார்ந்திருந்தோருக்கும் இழப்பீடு கோரும் உரிமை விரிவாயிற்று. பில்லோ கவுண்டிக்குத்தான் போயிற்று.

அந்தக் கவுண்டி சபைகளோ 1920 ஜூன் தேர்தலுக்குப் பின் பெரும்பாலும் சின் பெயின் வசம் வந்துவிட்டன. டாயிலின் உள்ளாட்சி அமைச்சர் வில்லியம் காஸ்கிரேவும் அவருடைய துணையாளர் கெவின் ஓ'ஹிக்கின்ஸும் சபைகளை டப்ளின் கோட்டையிலிருந்து அறுத்துத் தம் பக்கம் இழுத்தனர். சபைகள் இழப்பீட்டுத் தீர்ப்புகளுக்குப் பணம் தர மறுத்தன. பிரிட்டிஷ் அரசு சபைகளுக்குச் சேரவேண்டிய மானியங்களை நிறுத்தி, இழப்பீடுகளுக்கு ஒதுக்கியது. சபைகள் நடத்திவந்தவை சாலைகள், மருத்துவமனைகள், மனநல விடுதிகள். ஒரு கான்ஸ்டபிளின் விதவைக்குச் சேரவேண்டிய பணமும் ஒரு மனநோயாளியின் சாப்பாட்டுச் செலவும் இவ்வாறு ஒரே கணக்குப் பேரேட்டில் எதிரெதிரே வந்து நின்றன.

இந்தச் சட்டம் தன்னைத்தானே கேலி செய்துகொண்ட இடங்களும் உண்டு. 1920 செப்டம்பர் 20 இரவு, டப்ளினுக்கு வடக்கே பால்பிரிகன் என்ற சிற்றூரில் ஒரு போலீஸ் அதிகாரி கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க 'பிளாக் அண்ட் டான்' எனப்பட்ட காவலர்கள் ஊருக்குள் புகுந்தனர். ஐம்பதை ஒட்டிய வீடுகளும் ஒரு பின்னலாடை ஆலையும் எரிந்தன. அதே ஆண்டு டிசம்பர் 11 இரவு கார்க் நகரின் கடைவீதியும், நகர மண்டபமும், கார்னகி நூலகமும் சாம்பலாயின. தீ வைத்தவர்கள் அரசு நியமித்த ஆக்சிலியரி காவலர்கள். ஆனால் வன்மத்தால் நேர்ந்த சொத்துச் சேதம் எதுவாயினும் அந்தக் கவுண்டி வரியே பொறுப்பு என்பது சட்டம். அரசின் ஆட்கள் எரித்த நகருக்கு, எரிக்கப்பட்ட நகரத்தாரே இழப்பீடு செலுத்த வேண்டும் என்ற நிலை வந்தது. ஊரார் குற்றத்தைத் தடுத்திருக்கலாம் என்ற 1285ஆம் ஆண்டு ஊகம் இங்கே முற்றாகப் பொருளிழந்தது.

*

1921 ஜூலை 11இல் சண்டை நின்றது. டிசம்பர் 6இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன் பத்தாவது பிரிவு, ஆட்சி மாற்றத்தால் பதவி இழக்கும் அல்லது ஓய்வுபெறும் நீதிபதிகள், அதிகாரிகள், போலீஸ்காரர்கள், பிற அரசு ஊழியர்கள் ஆகியோருக்கு அயர்லாந்து சுதந்திர அரசு நியாயமான ஈடு தரவேண்டும் என்றது. ஆக்சிலியரிகளும், முந்தைய இரண்டு ஆண்டுகளில் பிரிட்டனில் சேர்க்கப்பட்ட காவலர்களும் இதில் சேரமாட்டார்கள். அவர்கள் பிரிட்டனின் பொறுப்பு. யார் யாருடைய ஆள் என்ற வினாவுக்கு இவ்வளவு துல்லியமான விடையை வேறெந்த ஆவணமும் தந்ததில்லை.

பதவி இழப்புக்கு வழி பிறந்தது. எரிந்த வீடுகளுக்கு? 1922இல் இரு அரசுகளும் சேர்ந்து ஓர் இழப்பீட்டு ஆணையத்தை அமைத்தன. உடற்காயங்களைப் பொறுத்தமட்டில் ஒவ்வோர் அரசும் தன் தரப்பினரைத் தானே கவனித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அயலார் பொறுப்பு என்ற கோட்பாடு சந்தடியில்லாமல் கைவிடப்பட்டது. இரண்டு தரப்புகள் உண்டு, இரண்டுக்கும் ஆட்கள் உண்டு என்று ஏற்றுக்கொண்டபோதே, நடந்தது போர்தான் என்பதையும் கணக்கர்கள் ஒப்புக்கொண்டுவிட்டனர்.

ஆணையத்துக்கு முதலில் ஷா பிரபுவும் பின்னர் சர் அலெக்சாண்டர் உட் ரென்டனும் தலைமை வகித்தனர். இந்த உட் ரென்டன் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். 1914 முதல் 1918 வரை இலங்கையின் தலைமை நீதிபதியாக இருந்தவர். அவர் பதவியிலிருந்தபோதுதான் 1915ஆம் ஆண்டின் சிங்கள - முஸ்லிம் கலவரம் மூண்டது. இராணுவச் சட்டம் அமலாயிற்று. கடைகளை இழந்த முஸ்லிம்களுக்கு ஈடுசெய்வதற்காகக் கலவரப் பகுதிகளின் சிங்களக் குடிமக்கள்மீது தண்டவரி விதிக்க அவசரமாக ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. குற்றமற்றவர்களையும் சேர்த்துத் தண்டிக்கும் நடவடிக்கைகளைச் சட்டசபையில் எதிர்த்து நின்றவர் பொன்னம்பலம் இராமநாதன். 1916இல் அவர் இதுபற்றி ஒரு நூலே வெளியிட்டார். வின்செஸ்டரில் பிறந்த விதி கண்டியிலும் கார்க்கிலும் ஒரே தலைமுறையில் செயல்பட்டதைக் கண்ட மனிதர்களில் உட் ரென்டனும் ஒருவர்.

*

புதிய அரசுக்கும் அதே சோதனை உடனே வந்தது. 1922-23 உள்நாட்டுப் போரில், ஒப்பந்தத்தை எதிர்த்தவர்கள் புதிய செனட்டின் உறுப்பினர்களுடைய வீடுகளை எரிக்கத் தொடங்கினர். 1923 ஜனவரியில் அரசின் தலைவராகிவிட்ட காஸ்கிரேவின் வீடே எரிந்தது. பிப்ரவரி முதல் நாள் மேயோ கவுண்டியின் மூர் ஹால் எரிந்தது. அது நாவலாசிரியர் ஜார்ஜ் மூருடைய பூர்வீக மாளிகை. செனட்டராக இருந்தவர் அவர் தம்பி மாரிஸ் மூர். தம்பியின் பதவிக்கு அண்ணனின் வீடு பலியாயிற்று. எழுத்தாளரும் செனட்டருமான ஆலிவர் கோகார்ட்டியின் ரென்வைல் இல்லமும் அதே பருவத்தில் எரிந்தது.

1923ஆம் ஆண்டின் சொத்துச் சேத இழப்பீட்டுச் சட்டம் சேதத்தால் தொடர்ந்து நேரும் மறைமுக நட்டங்களை ஏற்கவில்லை. நீதிமன்றம் விரும்பினால், அதே இடத்தில் கட்டடத்தை மீண்டும் எழுப்பினால்தான் பணம் என்று நிபந்தனை விதிக்கலாம். நாட்டைவிட்டுப் போகிறவர்களின் பயணச் செலவாக இழப்பீடு மாறிவிடக்கூடாது என்ற கவலை அதில் இருந்தது. ரென்வைல் மீண்டும் எழுந்து ஹோட்டலாயிற்று. மூர் ஹால் காரா ஏரிக்கரையில் கூரையற்ற சுவர்களாக நின்றது.

பெயர் தெரியாத பழைய கான்ஸ்டபிள்களின் நிலை இன்னும் சிக்கலானது. 1922இல் அவர்களுடைய படை கலைக்கப்பட்டது. ஓய்வூதியம் கிடைத்தது. ஆனால் ஊருக்குத் திரும்ப முடியாமல் பலர் வெளியேறினர். அவர்களும் பிரிட்டிஷ் ஆட்சிக்கு விசுவாசமாயிருந்த பிறரும் சண்டை நின்றபின் இழந்தவற்றுக்காக 1926இல் லண்டனில் ஐரிஷ் மானியக் குழு அமைந்தது. தலைவர் மீண்டும் உட் ரென்டன். 1930க்குள் 4,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. ஏறத்தாழ 22 லட்சம் பவுன் வழங்கப் பரிந்துரைக்கப்பட்டது. அரசுக்கு விசுவாசமாக இருந்ததாலேயே இந்த இழப்பு என்பதை விண்ணப்பதாரர் நிறுவ வேண்டியிருந்தது. சேவை செய்த காலத்தில் கேட்கப்படாத சான்று, சேவை முடிந்த பின்பு கேட்கப்பட்டது.

*

1925 டிசம்பர் 3இல் லண்டனில் இன்னொரு ஒப்பந்தம். எல்லைப் பிரச்சினையை முடித்துவைத்த ஒப்பந்தமாகவே அது நினைவுகூரப்படுகிறது. ஆனால் அதன் மூன்றாவது பிரிவின்படி, 1919 ஜனவரி 21 முதல் தன் நிலப்பரப்பில் வன்மத்தால் நேர்ந்த சொத்துச் சேதங்களுக்காகப் பிரிட்டன் ஏற்றிருந்த பொறுப்பு முழுவதையும் சுதந்திர அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. உடனே 1,50,000 பவுன். பிறகு ஆண்டுக்கு 2,50,000 பவுன் வீதம் 60 ஆண்டுகள். ஐரிஷ் தரப்பில் கையெழுத்திட்டவர்களில் இருவர் காஸ்கிரேவும் ஓ'ஹிக்கின்ஸும். ஐந்தாண்டுகளுக்கு முன் இதே வகை இழப்பீட்டைத் தரமறுத்த சபைகளுக்குப் பின்னால் நின்றவர்கள் அவர்கள்தாம். 1932இல் தொடங்கிய பொருளாதாரப் போர் 1938இல் தீர்ந்து பழைய கோரிக்கைகளெல்லாம் பைசல் செய்யப்பட்டபோதும் இந்த ஆண்டுத் தவணை மட்டும் தொடர்ந்தது.

அவர்கள் கொள்கையை விற்றார்கள் என்று சொல்வது எளிது. அரசு என்ற இடத்தில் போய் அமரும் எவரும் கடைசியில் இந்தப் பில்லை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதே எனக்குத் தோன்றுவது. தன் பெயரால் நிற்பவனுக்கு நேரும் இழப்பை அக்கம்பக்கத்தார்மீது தள்ளிவிடும் அரசு, அவனுக்கும் அந்த ஊருக்கும் இடையே தானே பகையை மூட்டுகிறது. ஊரும் அவனை மன்னிப்பதில்லை. இழப்பீடு நீதியைத் தருவதில்லை. எரிந்த கையெழுத்துப் பிரதியையோ இறந்த கணவனையோ திருப்பித் தருவதுமில்லை. இவர் எங்களுக்காக அங்கே நின்றவர் என்று ஓர் அரசு எழுத்தில் ஒப்புக்கொள்ளும் இடம் அது. அயர்லாந்தில் அந்த ஒப்புதல் வருவதற்கு ஒரு போரும் இரண்டு ஒப்பந்தங்களும் தேவைப்பட்டன. சில இரவுகளில் எரிந்தவற்றின் கணக்கை, அந்தத் தீயைக் கண்ணால் காணாத பேரப்பிள்ளைகளின் வரிப்பணமும் சேர்ந்தே அடைக்க வேண்டியிருந்தது.