மஞ்சள் எழுத்தில் ஒரு வரி

ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் நாலு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்தால், தே தாரிக் வருவதற்குள் சண்டை வந்துவிடும். பிரதானக் கதையின் ஒன்பது படங்களில் எது உசத்தி என்பது பழைய சண்டை. அதில் அவரவர் பதில் அவரவருக்கு மனப்பாடம். எனக்குப் பிடித்தது அடுத்த சண்டை. அந்த ஒன்பதுக்கும் வெளியே நிற்கிற கிளைப்படங்களில் எது தேறும்? "ரோக் ஒன்தான்டா, இதுல என்ன பேச்சு" என்று ஒருத்தன் முடித்துவைப்பான். "சோலோவ இன்னொரு தடவ பாரு, அப்புறம் பேசு" என்பான் இன்னொருத்தன்.

இந்த ஒப்பீட்டுக்கு ஏறக்குறைய முதல் படத்தின் வயதே இருக்கிறது. முதல் படம் வந்தது 1977 மே மாதம். அடுத்த வருடம் நவம்பர் 17ஆம் தேதி அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி இரண்டு மணி நேரப் பண்டிகைச் சிறப்பு நிகழ்ச்சி ஒன்றைப் போட்டது. சுவ்பாக்காவின் குடும்பம் வீட்டில் உட்கார்ந்து உறுமிக்கொண்டே இருக்கும். அடியில் எழுத்துகூடக் கிடையாது. பாட்டு, சமையல் குறிப்பு என்று என்னென்னவோ வரும். ஒரே தடவை ஒளிபரப்பியதோடு அது செத்திருக்க வேண்டும். ஆனால் வீட்டில் பதிவுசெய்தவர்களின் வீடியோ நாடாக்கள் கைமாறிக் கைமாறி, படம் தேய்ந்துபோன பிறகும் பல வருடங்கள் சுற்றின. காரணம், நடுவில் வருகிற ஒரு சின்னக் கார்ட்டூன். போபா ஃபெட் என்ற கூலி வேட்டைக்காரன் திரையில் முதன்முதலாகத் தலைகாட்டியது அதில்தான். மொத்தமும் மோசமாக இருந்தாலும் பத்து நிமிடம் நன்றாக இருந்தால் போதும், ரசிகன் அதைக் காப்பாற்றிவிடுவான்.

1984இலும் 1985இலும் ஏபிசி தொலைக்காட்சிக்கு ஈவாக்குகளை வைத்து இரண்டு படங்கள் எடுத்தார்கள். குழந்தைப் படம் என்று பலரும் ஒதுக்குவார்கள். ஆனால் முதல் படம் முழுக்க ஒரு சிறுமி அலைந்து தேடி மீட்ட அப்பாவும் அம்மாவும், கூடவே அண்ணனும், இரண்டாவது படத்தின் தொடக்கத்திலேயே கொல்லப்படுகிறார்கள். குழந்தைப் படமாம்!

2008இல் வந்த 'தி குளோன் வார்ஸ்' அனிமேஷன் படத்தில் சிங்கப்பூருக்கும் ஒரு பங்கு உண்டு. லூகாஸ்ஃபிலிம் 2005இல் இங்கே திறந்த அனிமேஷன் கூடத்தின் கலைஞர்கள் அதில் வேலை செய்தார்கள். தொலைக்காட்சித் தொடருக்காகச் செய்த பகுதிகளை ஒட்டித் தியேட்டருக்கு அனுப்பிய படம் அது. ஒட்டுவேலை நன்றாகவே தெரியும். அதில் அறிமுகமான அசோக்கா என்ற சிறுபெண்ணை அன்றைக்கு ரசிகர்கள் வாய் ஓயாமல் திட்டினார்கள். தொடர் ஏழு பருவம் ஓடி முடிவதற்குள் அவளே பலருக்கும் பிரியமானவள் ஆகிவிட்டாள். 2023 ஆகஸ்ட்டில் அவள் பெயரிலேயே தனித் தொடர் வந்தது. அதே மாதத்தில்தான் சிங்கப்பூர்க் கூடத்தை மூடப்போகிறார்கள் என்ற அறிவிப்பும் வந்தது. 300 பேருக்கு மேல் வேலை செய்த இடம். ஒன்-நார்த் பக்கம் போனால், படத்தில் ஜாவாக்கள் ஓட்டுகிற மணல் வண்டியின் சாயலில் கட்டிய 'சாண்ட்கிராலர்' கட்டடத்தைப் பார்க்கலாம். உள்ளே இருந்தவர்களின் பெயர்களெல்லாம் படம் முடிந்தபின் ஓடுகிற பட்டியலில் இருக்கின்றன. அது ஓடும்போது நாம் கார் நிறுத்துமிடத்துக்குப் பாதி வழி போயிருப்போம்.

டிஸ்னி 2012இல் லூகாஸ்ஃபிலிமை 405 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் பிறகு தியேட்டருக்கு முதலில் வந்த இரண்டு கிளைப்படங்கள்தான் இன்றைய சண்டையின் மையம். 2016 டிசம்பரில் கரேத் எட்வர்ட்ஸ் இயக்கத்தில் 'ரோக் ஒன்'. 2018 மே மாதம் ரான் ஹோவர்ட் இயக்கத்தில் 'சோலோ'. முன்னது 100 கோடி டாலரைத் தாண்டியது. பின்னது 40 கோடியைத் தொடவில்லை. படப்பிடிப்பு நடக்கும்போதே பில் லார்ட், கிறிஸ் மில்லர் என்ற இரண்டு இயக்குநர்களையும் நீக்கியதால் 'சோலோ' கெட்டது என்பார்கள். சரி, 'ரோக் ஒன்' மட்டும் என்ன சொகுசாகவா பிறந்தது? டோனி கில்ராயைக் கூட்டிவந்து காட்சிகளைத் திருத்தி எழுதித் திரும்ப எடுத்தார்கள். இசையமைப்பாளரும் மாறினார். புதிதாக வந்த மைக்கேல் ஜக்கீனோவுக்குக் கிடைத்தது ஏறக்குறைய நாலரை வாரம். 'த லாஸ்ட் ஜெடை' வந்த ஐந்தே மாதத்தில், ரசிகர்கள் அதைப் பற்றிய சண்டையை முடிப்பதற்குள் 'சோலோ' வந்து நின்றது என்பதை வேண்டுமானால் ஒப்புக்கொள்ளலாம். ஆனாலும் எனக்கு வேறொன்று படுகிறது.

1977 படத்தின் தொடக்கத்தில் மஞ்சள் எழுத்து மேலே நகரும். கலகக்காரர்களின் ஒற்றர்கள் டெத் ஸ்டாரின் வரைபடத்தைத் திருடிவிட்டார்கள் என்று அதில் ஒரு வரி. யார் அந்த ஒற்றர்கள்? பெயர் இல்லை, கணக்கு இல்லை. படம் அவர்களைத் தாண்டி இளவரசி லேயாவிடம் போய்விடும். விஷுவல் எஃபெக்ட்ஸ் மேற்பார்வையாளர் ஜான் நோல் அந்த ஒரு வரியைப் பிடித்துக் கதை சொன்னார். அதுதான் 'ரோக் ஒன்'.

'சோலோ'வும் அதே படத்தின் ஒரு வரியைத்தான் பிடித்தது. பன்னிரண்டு பார்செக்குக்குள் கெஸெல் ஓட்டத்தை முடித்த கப்பல் இது என்று ஹான் பீற்றிக்கொள்வான். பார்செக் தூரத்தை அளப்பது, நேரத்தை அல்ல. நாற்பது வருடம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். உண்மையில், அது ஆளை மயக்க விடுகிற புளுகு என்பது திரைக்கதையிலேயே குறிப்பாக இருக்கிறது. 'சோலோ' வந்து, இல்லையில்லை, நிஜமாகவே குறுக்குவழியில் ஓட்டினான் என்று காட்டியது. சுவ்பாக்காவை எங்கே பார்த்தான், கப்பல் எப்படிக் கைக்கு வந்தது என எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தது. 'சோலோ' என்ற பெயரைக்கூட ஆள்சேர்ப்பு அதிகாரி ஒருவர்தான் பதிவுக்காகச் சூட்டுகிறார்.

டெத் ஸ்டாருக்கும் இப்படி ஒரு கேலி உண்டு. நிலா மாதிரி பெரிய ஆயுதம், இரண்டு மீட்டர் அகல ஓட்டையில் குண்டு போட்டால் வெடித்துவிடுமாம், எந்த இன்ஜினியர் கட்டினான்? கட்டாயப்படுத்திக் கட்டவைத்த ஓர் அப்பா தெரிந்தே உள்ளே வைத்த பலவீனம் அது என்றது 'ரோக் ஒன்'. இரண்டு படமும் செய்தது ஒரே வேலைதான், பழைய ஓட்டையை அடைப்பது. ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டுப் பழைய படத்துக்குத் திரும்பினால் லூக் போடுகிற குண்டின் கனம் கூடியிருக்கிறது. மற்றதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஹானிடமிருந்து ஒரு நல்ல பொய் போயிருக்கிறது.

கிளைக்கதை கட்டுவது நமக்குப் பழகிய வேலைதான். வியாசரிடம் இல்லாத அல்லி, 'அல்லி அரசாணி மாலை'யில் மதுரையை ஆண்டுகொண்டு அர்ச்சுனனைப் படாத பாடு படுத்துவாள். அர்ச்சுனன் என்ற பெயரை எந்தக் குமாஸ்தா பதிவேட்டில் எழுதினான் என்று யாரும் மாலை பாடவில்லை.

அதற்காக 'ரோக் ஒன்' பழுதில்லாத படம் என்று சொல்லமாட்டேன். முதல் பாதியில் கிரகம் கிரகமாகத் தாவுகிறது, யாரோடும் மனசு ஒட்டுவதில்லை. 'சோலோ'வின் ரயில் கொள்ளையும் டொனால்ட் குளோவரின் லாண்டோவும் இன்றைக்கும் எனக்கு அலுக்கவில்லை. 2019இல் அதற்கு இரண்டாம் பாகம் கேட்டு ஒரு ரசிகர் கூட்டமே குரல் கொடுத்தது. அவர்களைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை.

'ரோக் ஒன்' ரசிகர்களிடம் எந்தக் காட்சி பிடிக்கும் என்று கேட்டால் பெரும்பாலும் கடைசியில் வரும் இருட்டுத் தாழ்வாரத்தைச் சொல்வார்கள். வேலை முடிகிற நேரத்தில் சேர்த்த காட்சி அது. சிவப்பு வாள் எரிகிறது. டார்த் வேடர் ஒவ்வொருவராக வெட்டிச் சாய்த்துக்கொண்டு வருகிறான். தியேட்டரில் விசில். நானும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். ஆனால் விசில் யாருக்கு? அந்தப் பக்கம் கதவு சிக்கிக்கொண்டிருக்கிறது. இடுக்கு வழியாக ஒருவன் வரைபடத்தை நீட்டுகிறான், இன்னொரு கை வாங்கிக்கொண்டு ஓடுகிறது. நீட்டியவன் அங்கேயே சாகிறான். மஞ்சள் எழுத்தின் வரி இவனைப் பற்றியது. இரண்டு மணி நேரம் இவர்களுக்காகவே எடுத்த படத்தில் கைதட்டலை வெட்டியவன் வாங்கிக்கொண்டு போகிறான். சோலோ ரசிகர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. அவர்கள் கேட்பதில்லை.

பிறகு 2022இலும் 2025இலும் டோனி கில்ராயின் 'ஆண்டோர்' வந்தது. மொத்தம் 24 பாகங்கள், கிளைப்படத்துக்கு ஒரு கிளை. 'ரோக் ஒன்' தொடங்குகிற இடத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டு முடிகிறது. 2016இல், கையில் அடிபட்டு ஏறி ஓட முடியாமல் நிற்கும் தன் தகவலாளியைக் காசியன் ஆண்டோர் சந்தில் வைத்துச் சுட்டபோது, ஈவிரக்கமில்லாதவன் என்று நினைத்துவிட்டுக் கடந்துபோனோம். தொடரின் முதல் பாகத்தில் அவன் கெஞ்சுகிற காவலாளி ஒருவனைச் சுட்டுவிட்டு ஓடுகிறான். அங்கிருந்து இந்தச் சந்து வரைக்கும் அவன் வந்த வழி முழுக்க இப்போது நமக்குத் தெரியும். சுட்டபின் ஒரு நொடி அவன் முகம் போகிற போக்கை அன்றைக்கு நான் கவனிக்கவே இல்லை.

இனிமேல் பார்க்கப்போகிறவர்கள் எதை முதலில் பார்ப்பது என்று கேட்கிறார்கள். முதலில் 'ஆண்டோர்'. பிறகு ஒரே ராத்திரியில் 'ரோக் ஒன்'னும் 1977 படமும், நடுவில் எழுந்திருக்காமல். 'சோலோ'வை மழை பெய்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அந்த ரயிலுக்காகவாவது.