கார்னகி மண்டபம்: இடிபடாமல் நின்ற கதை



நியூயார்க் நகரத்தில் ஏழாம் அவென்யூவும் 57-ஆம் தெருவும் கூடும் மூலையில் செங்காவி வண்ணக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதனைச் சுற்றிலும் வானளாவும் கண்ணாடி மாளிகைகள். அவற்றினிடையே இது, பெரிய மனிதர் கூட்டத்தில் பழைய அங்கவஸ்திரம் அணிந்து வந்த பெரியவர்போலத் தோற்றமளிக்கிறது. முதன்முறை அவ்வழியே சென்றபோது நான் அதனைக் கவனியாமல் கடந்து போய்விட்டேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற கார்னகி மண்டபம் அதுவே. மறுநாள் சீட்டு வாங்கிக்கொண்டு, வழிகாட்டி ஒருவரின் பின்னே அதனைச் சுற்றிப் பார்த்தேன்.

இம்மண்டபத்துக்குத் தம் பெயரைத் தந்த ஆண்ட்ரூ கார்னகி ஸ்காட்லாந்து நாட்டில் நெசவாளி ஒருவரின் மகனாக 1835-இல் பிறந்தவர். வறுமை துரத்த, பெற்றோருடன் 1848-இல் அமெரிக்கா வந்து சேர்ந்தார். பஞ்சாலையில் கூலிச் சிறுவனாகத் தொடங்கி, இரும்பிலும் எஃகிலும் பெருஞ்செல்வம் திரட்டினார். 1887-இல் மணமுடித்துத் தம் மனைவி லூயிஸ் அம்மையாருடன் கப்பலில் ஐரோப்பா சென்றபோது, அதே கப்பலில் வால்ட்டர் டாம்ரோஷ் என்னும் இருபத்தைந்து வயது இளைஞரும் இருந்தார். அவர் தந்தையார் லியோபோல்டு டாம்ரோஷ் நியூயார்க்கில் இரண்டு இசைச் சங்கங்களை நிறுவி, 1885-இல் காலமானவர். அச்சங்கங்களை மகன் ஏற்று நடத்திவந்தார். சங்கம் இருந்தது, பாடகர் இருந்தனர், கேட்போரும் இருந்தனர். சொந்தமாக ஓர் அரங்கு மட்டும் இல்லை. லூயிஸ் அம்மையார் அச்சங்கங்களுள் ஒன்றின் பாடற்குழுவில் தாமே பாடியவர். ஆகவே இளைஞரின் குறை கேட்கப்பட்டது.

இவ்விடத்தில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் தில்லியிலும் வாழும் நம்மவர் சற்றே புன்முறுவல் பூக்கலாம். பள்ளிக்கூடக் கூடத்தையும் கல்யாண மண்டபத்தையும் வாடகைக்கு எடுத்து, ஜமக்காளம் விரித்து, அடுத்த ஆண்டு இவ்விடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற கவலையோடு சபா நடத்திய அனுபவம் நமக்குப் புதிதன்று.

1890-ஆம் ஆண்டு மே மாதம் லூயிஸ் அம்மையார் அடிக்கல் நாட்டினார். கட்டடப் பணி வில்லியம் டட்ஹில் என்பவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர் அதற்குமுன் இசையரங்கு எதனையும் கட்டியவரல்லர். ஆயினும் செல்லோ என்னும் நரம்புக்கருவியை வாசிக்கத் தெரிந்தவர். ஐரோப்பாவின் அரங்குகள் எவ்வாறு ஒலிக்கின்றன என்பதை ஆராய்ந்து, ஒலிக்குக் கேடு செய்யும் அலங்காரங்களை விலக்கினார். கனத்த திரைச்சீலைகள் இல்லை; கொத்து விளக்குகள் தொங்கவில்லை; சுவர்களும் மாடங்களும் வளைந்து செல்கின்றன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எஃகு மன்னர் பணத்தில் எழுந்த இம்மண்டபம் எஃகுச் சட்டத்தின்மேல் எழவில்லை. கனத்த செங்கற்சுவர்களே அதனைத் தாங்கின. வெளியிலுள்ள தெருவின் ஓசையை உள்ளே விடாமல் காப்பனவும் அச்சுவர்களே.

1891-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் மண்டபம் திறக்கப்பெற்றது. ரஷ்ய இசைமேதை சைக்காவ்ஸ்கி கடல் கடந்து வந்து, தம் படைப்பைத் தாமே நடத்தினார். முதலில் இதற்கு ‘இசை மண்டபம்’ என்ற பொதுப்பெயரே இருந்தது. அப்பெயர் ஐரோப்பியக் கலைஞர் செவியில் கேளிக்கைக் கொட்டகையைக் குறிப்பதுபோல் ஒலித்ததால், சில ஆண்டுகளில் கார்னகியின் பெயரைச் சூட்டினர். கார்னகி இதனைத் தருமமாகக் கருதவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். மண்டபம் தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ளும் என்று அவர் எதிர்பார்த்தார். அது ஒருபோதும் நிறைவேறவில்லை. மண்டபம் திறந்த மறு ஆண்டு, 1892-இல், ஹோம்ஸ்டெட் என்னுமிடத்திலிருந்த அவருடைய எஃகு ஆலையில் வேலைநிறுத்தம் மூண்டு, துப்பாக்கிச் சண்டையில் தொழிலாளர் பலர் மாண்டனர். மண்டபத்தின் அழகை வியக்கும்போது அதனையும் நினைவில் வைப்பதே நேர்மை.

1893 டிசம்பரில் டுவோர்ஷாக்கின் ‘புதிய உலகம்’ என்னும் சிம்பனி இங்கேதான் முதன்முதல் ஒலித்தது. ஆயினும் இம்மண்டபத்தின் பெருமை ஐரோப்பிய இசையோடு நின்றுவிடவில்லை. நீக்ரோவர் என்று அக்காலத்தார் அழைத்த கறுப்பின மக்களுக்கு அமெரிக்காவில் பல அரங்குகளின் கதவு அடைபட்டிருந்த நாளிலே, சிசியரெட்டா ஜோன்ஸ் என்னும் கறுப்பின அம்மையார் 1892-இல் இங்கே பாடினார். 1912-இல் ஜேம்ஸ் ரீஸ் யூரோப் நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பினக் கலைஞரை இம்மேடையில் ஏற்றினார். 1938 ஜனவரி 16 அன்று பென்னி குட்மன் நடத்திய ஜாஸ் கச்சேரியில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் அமர்ந்து வாசித்தனர். அவருடைய கிளாரினெட்டை இன்று மாடியிலுள்ள காட்சிக்கூடத்தில் காணலாம்.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். கார்னகி 1919-இல் மறைந்தபின், 1925-இல் அம்மையார் மண்டபத்தை ராபர்ட் சைமன் என்ற நில வணிகருக்கு விற்றார். அவர் மகன் காலத்தில், 1950-களில், மண்டபம் மீண்டும் விலைக்கு வந்தது. 1892 முதல் அங்கே குடியிருந்த முதன்மை வாடகைதாரரான நியூயார்க் பில்ஹார்மானிக் வாத்தியக் குழு அதனை வாங்க விரும்பவில்லை. லிங்கன் சென்டரில் அதற்குப் புது அரங்கம் எழவிருந்தது. பழைய மண்டபத்தை இடித்து, அவ்விடத்தில் 44 மாடிச் செந்நிறக் கோபுரம் எழுப்பத் திட்டமிட்டனர். அதன் வண்ணப்படம் 1957-இல் ‘லைஃப்’ பத்திரிகையில் வெளிவந்தது. ஒரு நகரத்துக்கு இரண்டு பெரிய இசையரங்குகள் எதற்கு என்று கேட்டோர் அறிவிலிகளல்லர், கணக்குத் தெரிந்தவர்கள். அதனாலேயே அவர்களுக்கு விடை சொல்வது கடினமாயிருந்தது.

அந்தத் திட்டம் கைவிடப்பட்டும் ஆபத்து நீங்கவில்லை. 1960 மார்ச் மாத முடிவோடு மண்டபத்தின் ஆயுள் முடியும் என்ற நிலை வந்தது. அப்போது முன்வந்தவர் ஐசக் ஸ்டெர்ன் என்னும் வயலின் வித்துவான். உக்ரேனில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டவர். கச்சேரிகளுக்கிடையே அவர் செல்வரையும் அரசியல்வாதிகளையும் நேரில் கண்டு வாதாடினார். மேயர் வாக்னரின் ஆதரவைப் பெற்றார். மாநிலச் சட்டசபை இதற்கெனச் சட்டமியற்றியது. 1960 ஜூன் 30-ஆம் நாள் நியூயார்க் நகராட்சி ஐம்பது லட்சம் டாலர் கொடுத்து மண்டபத்தை வாங்கி, இலாப நோக்கமற்ற ஒரு நிறுவனத்திடம் குத்தகைக்கு ஒப்படைத்தது. ஸ்டெர்ன் 2001-இல் மறையும்வரை அந்நிறுவனத்தின் தலைவராயிருந்தார்.

எவ்வளவு குறுகிய இடைவெளியில் தப்பியது என்பதை ஒரு செய்தி காட்டும். பழம்பெருமை வாய்ந்த கட்டடங்களைக் காக்கும் சட்டத்தை நியூயார்க் நகரம் இயற்றியது 1965-இல்தான். அதற்கு முன்பே, 1963-இல், பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கிவிட்டனர். அந்நிலையத்துக்கு ஒரு ஸ்டெர்ன் வாய்க்கவில்லை.

பில்ஹார்மானிக் குழு 1962-இல் புது அரங்கம் சென்றது. அங்கே ஒலி சரியில்லை என்று முதல் ஆண்டிலேயே முறையீடு எழுந்தது. 1976-இல் அவ்வரங்கின் உட்புறம் முழுவதையும் மாற்றிக் கட்டினர். மீண்டும் மாற்றிக் கட்டி 2022-இல் திறந்தனர். நல்ல ஒலி என்பது திட்டமிட்டு மட்டும் கிடைப்பதன்று போலும். கார்னகி மண்டபத்துக்கும் இச்சோதனை வந்தது. 1986-இல் பெருஞ்செலவில் புதுப்பித்தபின், பழைய இனிமை குறைந்துவிட்டதெனக் கேட்போர் குறைபட்டனர். 1995-இல் மேடைப் பலகைகளைப் பெயர்த்தபோது அடியில் கான்கிரீட் இருக்கக் கண்டு, அதனை அகற்றிவிட்டு மரத்தளம் அமைத்தனர்.

நம் நாட்டுக் கலைஞர் பலருக்கும் இம்மேடை அறிமுகமானதே. பண்டிட் ரவிசங்கர் இங்கே பலமுறை சிதார் வாசித்தார். 1977-இல் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடிய கச்சேரியின் ஒலிப்பதிவை இன்றும் கேட்கலாம். 1960-இல் மண்டபம் இடிந்திருந்தால் அவர் வேறோர் அரங்கில் பாடியிருப்பார். பாட்டு அதே பாட்டாகவே இருந்திருக்கும் என்பவரோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் மும்பையிலுள்ள ஷண்முகானந்த மண்டபம் 1990-இல் தீக்கிரையானபோது அந்நகரத் தமிழர் பட்ட துயரத்தை அறிந்தவர் அவ்வாறு எளிதிற் சொல்லமாட்டார். சிலருக்கு அது மண்டபமாக மட்டும் இருக்கவில்லை. ஊரைவிட்டு வந்த இடத்தில் ஊர்ப்பேச்சுக் கேட்கும் இடமாகவும் இருந்தது.

பெரிய அரங்கில் ஐந்து அடுக்குகளில் 2,804 இருக்கைகள். உச்சி மாடத்தை அடைய 137 படிகள் ஏறவேண்டும். விலை குறைந்த இருக்கைகள் அங்கேதான். மாணவரும், புதிதாய் நகரம் வந்தோரும் தலைமுறை தலைமுறையாக ஏறிய படிகள் அவை. இருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு நானும் ஏறினேன். கீழே, வெகு தூரத்தில், ஆளில்லாத மேடையில் ஒருவர் பியானோவுக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார். ஒரே கட்டையை மீண்டும் மீண்டும் தட்டினார். அந்த ஒற்றை ஸ்வரம் பக்கத்து நாற்காலியிலிருந்து வருவதுபோல் கேட்டது. வழிகாட்டி பேச்சை நிறுத்திவிட்டு, அவர் தட்டி முடிக்கும்வரை காத்திருந்தார்.