துலிப்பின் தலையை ஏன் வெட்டுகிறார்கள்?

பால்கனித் தொட்டியில ரோஜா வாடினதும் அம்மா அதைக் கிள்ளிப் போட்டுடுவாங்க. "காய் புடிக்க விட்டா அடுத்த மொட்டு வராது"ன்னு சொல்வாங்க. காரணம் சரிதான். செடிக்கு வேண்டியது பூ இல்ல, விதை. விதைக்குப் போற சத்தைத் தடுத்தா, அது வேற எங்கயாவது போகும்.

இதை ஒரு தொழிலாவே செய்ற நாடு நெதர்லாந்து. 1593-ல கரோலஸ் குளூசியஸ் என்ற தாவரவியலாளர் லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்துக்கு வந்தார். அடுத்த வருஷமே அங்க துலிப் பூத்தது. 1637-ல விலை சரிஞ்ச கதையை எல்லாரும் சொல்லிட்டாங்க, நான் விட்டுடறேன். எனக்குப் பிடிச்சது வயல்ல நடக்கிற விஷயம்.

துலிப் விதையிலிருந்து பூக்க அஞ்சு முதல் ஏழு வருஷம் ஆகும். அதனால விவசாயி விற்கிறது மண்ணுக்கு அடியில வெங்காயம் மாதிரி இருக்கிற கிழங்கை. நட்ட கிழங்கு அந்த வருஷமே கரைஞ்சு போகும், அதுக்குப் பதிலா குட்டிக் கிழங்குகள் வரும். அதுங்க பெருக்கணும்னா பூ விதையாகக் கூடாது. வயல் முழுக்க நிறம் பரவினதும், சில நாள்ல எல்லாத் தலையையும் வெட்டிடுவாங்க. சுற்றுலா போனவங்களுக்கு இது பெரிய ஏமாற்றம்!

பூக்கிறதுக்கு முன்னாடியே ஏன் வெட்டல? நோயுள்ள செடியைப் பூவை வச்சுத்தான் சுலபமா கண்டுபிடிக்க முடியும். 17-ஆம் நூற்றாண்டுல பெரும் பணம் கொடுத்து வாங்கின கோடு போட்ட துலிப்புகள் உண்மையில வைரஸ் தாக்கினவை. அது தொற்றுன்னு 1928-ல டோரதி கெய்லி நிரூபிச்சாங்க. உதிர்ந்த இதழ் இலை மேல ஒட்டிக் கிடந்தாலும் பூஞ்சணம் பிடிக்கும், அதனால அதையும் அகற்றணும். ஆனா பச்சை இலையைத் தொடக் கூடாது. மஞ்சளாகிக் காயும் வரைக்கும் அதுதான் கிழங்குக்கு மாவுச்சத்தை அனுப்புது.

அந்த மாவுச்சத்து ஒரு தடவை மனுஷங்களைக் காப்பாத்தியிருக்கு. 1944 செப்டம்பர்ல நேச நாடுகளுக்கு உதவியா டச்சு ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. பதிலுக்கு ஜெர்மன் ராணுவம் மேற்குப் பகுதிக்கு உணவு போறதைத் தடுத்தது. அப்புறம் குளிர், கால்வாய்கள் உறைஞ்சு படகும் நின்னுபோச்சு. அந்தப் பஞ்ச குளிர்காலத்துல சுமார் 20,000 பேர் இறந்தாங்க.

ஏற்றுமதி நின்னதால விற்காத துலிப் கிழங்குகள் கிடங்குல கிடந்தது. அதை எப்படிச் சமைக்கிறதுன்னு மக்களுக்குக் குறிப்பு கொடுத்தாங்க: தோலை உரி, ரெண்டா வெட்டு, நடுவுல இருக்கிற முளையை எடுத்துடு, அது வயித்துக்கு ஆகாது. மிச்சத்தை வேக வச்சு மசிச்சாங்க, சூப்புல போட்டாங்க, காய வச்சு மாவாக்கி ரொட்டி சுட்டாங்க. 1945 மே மாசம் விடுதலை வர்ற வரைக்கும், எத்தனையோ வீட்டுல ராத்திரிச் சாப்பாடு அதுதான்.