புகைபோக்கியும் படகறையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மான்செஸ்டரின் சுகாதாரத்தைக் காத்த சட்டங்களுள் இரண்டை அருகருகே வைக்கலாம். 1875ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் ஆலைப் புகைபோக்கியைக் கண்காணித்தது. 1877ஆம் ஆண்டுக் கால்வாய்ப் படகுச் சட்டம், படகோட்டிக் குடும்பங்கள் படுத்துறங்கிய சிற்றறையைக் கண்காணித்தது. முன்னது காற்றைச் சேர்ந்தது, பின்னது நீரைச் சேர்ந்தது என்று பிரிக்கத் தோன்றும். ஆனால் 1761இல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் திறக்கப்பட்டதே வொர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுவரத்தான். புகைபோக்கி தின்ற கரியில் கணிசமான பங்கு படகேறி வந்தது.

புகைபோக்கி நகராது, அதன் அழுக்கு ஊரெங்கும் நகரும். படகு ஊரூராக நகரும். அதன் அழுக்கு அறைக்குள்ளேயே தங்கும். ஆகவே புகை ஆய்வாளர் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். எத்தனை நிமிடம் கறுப்புப் புகை வந்தது என்று குறித்துக்கொள்வார். படகு ஆய்வாளரோ படகு கரை ஒதுங்கும்வரை காத்திருந்து, குனிந்து உள்ளே நுழைய வேண்டும்.

அளவைகளும் வேறுபட்டன. ஆலைக்குச் சட்டம் விதித்த அளவை ஒரு நிறம்தான். அதனால், வந்தது கறுப்பல்ல, பழுப்பு என்று ஆலைத் தரப்பு வழக்காட இடமிருந்தது. படகுக்கு விதித்தவை எண்கள்: 12 வயதைக் கடந்தவருக்குத் தலைக்கு 60 கன அடி, சிறுவருக்கு 40. நகரத்தின் மலக்கழிவை வயல்வெளிக்கு ஏற்றிச் சென்ற படகுகளில் சரக்குக்கும் அறைக்கும் இடையே இரட்டைத் தடுப்பு வேண்டும் என்றும் விதித்தார்கள். துல்லியம் முழுவதும் எளியவர் பக்கமே சேர்ந்துவிட்டது! ஆயினும் விதி வேறு, நடப்பு வேறு. பல ஊர்களில் படகுச் சட்டம் ஏட்டளவில் நின்றது. ஜார்ஜ் ஸ்மித் என்ற சீர்திருத்தக்காரர் ஓயாமல் போராடிய பிறகே 1884இல் அதை வலுப்படுத்தினார்கள்.

குறை ஒன்றில் இரண்டும் உடன்பிறப்புகள். பொதுச் சுகாதாரச் சட்டத்தின் புகைப் பிரிவு கரியைக் கண்டது, கந்தகத்தைக் காணவில்லை. படகுச் சட்டம் அறையைக் கண்டது, படகு மிதந்த நீரைக் காணவில்லை. மான்செஸ்டர் மழையில் அமிலம் இருப்பதை வேதியியலர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் 1852இலேயே எழுதியிருந்தார். 1863இல் வந்த கார ஆலைச் சட்டத்தின் முதல் ஆய்வாளரும் அவரே. அந்த ஆலைகள் வெளியிட்ட ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவில் 95 விழுக்காட்டை நீரில் கரைத்துப் பிடிக்கச் சொன்னது அச்சட்டம். பிடித்த அமிலத்தில் எவ்வளவோ ஓடைகளில் கொட்டப்பட்டது. காற்றைக் கழுவிய நீர் அச்சட்டத்தின் கணக்கில் வரவில்லை. 1876ஆம் ஆண்டு நதி மாசுத் தடுப்புச் சட்டத்தின்கீழும் ஆங்கஸ் ஸ்மித்தே ஆய்வாளராக அமர்த்தப்பட்டது பொருத்தமான விந்தை.

எனக்கு மிக வியப்பளிப்பது வேறொன்று. கறுப்புப் புகைக்கான பிரிவு, தனியார் குடியிருப்பின் புகைபோக்கியை வெளிப்படையாகவே விலக்கி வைத்தது. ஆயிரக்கணக்கான வீட்டு அடுப்புகள் சேர்ந்து வானத்தை மூடினாலும், கணப்படுப்பு குடும்பத்தின் அந்தரங்கம் என்று சட்டம் ஒதுங்கிக்கொண்டது. படகறையும் ஒரு குடும்பத்தின் வீடுதான். அங்கும் அடுப்பும் சிறு புகைபோக்கியும் இருந்தன. ஆனால் அந்த வாசலில் சட்டம் தயங்கவில்லை. உள்ளே போய்த் தலைகளை எண்ணியது. வயதையும் பாலினத்தையும் கேட்டது. மிதக்கும் வீட்டுக்குள் 1877இல் நுழைந்த அரசு, நாடு தழுவிய சட்டத்தால் கரைவீட்டுக் கணப்பின் புகையைக் கட்டுப்படுத்த முனைந்தது 1956இல்தான்.