பேசவிட்ட டாக்டர்

1916, அக்டோபர் 18. பிரான்ஸில் பொழுது விடிகிற நேரம். ஹாரி ஃபார் என்கிற 25 வயது பிரிட்டிஷ் சிப்பாயை நிற்கவைத்துச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டது எதிரி அல்ல... அவருடைய சொந்த ராணுவம்! குற்றம்? கோழைத்தனம். போர்முனைக்குப் போக முடியாது என்று மறுத்துவிட்டார். இத்தனைக்கும், அதற்கு முந்தைய வருடம் நடுக்கம் கண்டு ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். விசாரணை 20 நிமிடத்தில் முடிந்தது. அவருக்காக வாதாட ஒருவர்கூட இல்லை.

'ஒரே டென்ஷன்' என்று இன்றைக்கு நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம், இல்லையா? முதல் உலகப் போரில் அது உயிர் போகிற விவகாரம்! பதுங்குகுழிகளில், குண்டுமழைக்கு நடுவே நாள்கணக்கில் கிடந்தவர்களில் பலருக்குத் திடீரென்று பேச்சு நின்றது. கால் விளங்கவில்லை. உடம்பிலோ காயமே இல்லை. 1915-ல் சார்லஸ் மையர்ஸ் என்ற டாக்டர், 'லான்செட்' மருத்துவ இதழில் இதை 'ஷெல் ஷாக்' என்று குறிப்பிட்டார். குண்டு வெடித்த அதிர்வு நரம்பைத் தாக்குகிறது என்பது முதல் யூகம். ஆனால், பக்கத்தில் குண்டே விழாதவர்களுக்கும் அதே கோளாறு! அப்புறம்தான் புரிந்தது - அடிபட்டது மனசு.

சரி, வைத்தியம்? லண்டனில் ஒரு டாக்டர், பேச்சு நின்றுபோன சிப்பாயை அறைக்குள் வைத்துப் பூட்டி, தொண்டையில் மின்சாரம் பாய்ச்சினார். வலி தாங்காமல் பேசினால் 'குணமாகிவிட்டான்' என்று அர்த்தம்!

இந்த இடத்தில்தான் டபிள்யூ.ஹெச்.ஆர். ரிவர்ஸ் வருகிறார். நம் நீலகிரிக்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டு. 1901-02-ல் அங்கே வந்து, தோடர்களின் உறவுமுறைகளையும் சடங்குகளையும் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு போனவர். 1906-ல் அது பெரிய புத்தகமாகவே வந்தது. ஹாரி ஃபார் சுடப்பட்ட அதே 1916 அக்டோபரில், எடின்பரோ பக்கம் கிரெய்க்லாக்கார்ட் ராணுவ மருத்துவமனையில் சேர்ந்தார் ரிவர்ஸ்.

அங்கே வந்த அதிகாரிகளுக்கு அதுவரை கிடைத்த அறிவுரை, 'போரை நினைக்காதே, மறந்துடு' என்பதுதான். பகலெல்லாம் கஷ்டப்பட்டு மறந்தார்கள். ராத்திரி அது கனவாக வந்து குதறியது! ரிவர்ஸ் தலைகீழாகச் செய்தார். நடந்ததைச் சொல்லச் சொன்னார். ஓர் அதிகாரியின் நண்பர், உடல் சிதறிச் செத்திருந்தார். தினமும் கனவில் அதே கோரம். ரிவர்ஸ் அவரிடம் ஒன்றைச் சுட்டிக்காட்டினார் - உடல் அப்படிச் சிதறியிருந்தால், உங்கள் நண்பர் துளிகூட வேதனைப்படாமல் அந்தக் கணமே இறந்திருப்பார். அதிகாரியின் முகம் தெளிந்தது. அதன்பின் வந்த கனவில் துக்கம் இருந்தது, திகில் இல்லை.

அதற்காக நாள் பூரா அதையே அசைபோடவும் ரிவர்ஸ் விடவில்லை. அதுவும் கெடுதல் என்றார்.

ஒரு சோகம்... கிரெய்க்லாக்கார்ட், அதிகாரிகளுக்கான மருத்துவமனை. ஃபார் வெறும் சிப்பாய். 2006-ல்தான் பிரிட்டன் அரசு அவரையும் சேர்த்து 306 பேருக்கு மன்னிப்பு வழங்கியது. அதற்காகப் போராடிய அவருடைய மகளுக்கு அப்போது வயது 90-க்கு மேல்!

உங்கள் வீட்டிலும் யாராவது தூக்கம் கெட்டு, எதற்கோ பயந்துகொண்டிருக்கலாம். 'அதையெல்லாம் மறந்துடு' என்று சொல்ல வாயெடுப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். 'என்னாச்சு, சொல்லு' என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள். அப்படியும் தீராவிட்டால், டாக்டரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.